சுவான்சௌ நகரில் ஒரு தமிழ்ப் பாடம்



"தமிழைப் படித்து எங்கே பயன்படுத்தப் போகிறோம்?" மனுகாவில் வாழும் எம் பிள்ளைகள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா இது. சனிக்கிழமைக் காலையில் உறக்கத்தையும் விளையாட்டையும் விட்டுத் தமிழ்ப் புத்தகத்துடன் புறப்படும் பிள்ளைக்கு இவ்வாறு கேட்கும் உரிமை உண்டு. எங்கள் மகளும் கேட்டாள். அப்போது எங்களிடம் நல்ல விடை இருக்கவில்லை. அவ்விடையின் ஒரு பகுதி, சற்றும் எதிர்பாராத வகையில், சீன நாட்டின் பெருநகர் ஒன்றில் எங்களுக்குக் கிடைத்தது. அதனை இம்மலரின் வழியாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

பயணம்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் மூவரும் சீனாவுக்குச் சுற்றுலா சென்றோம். நியூசிலாந்துக் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றிச் சீனா செல்லலாம் என்ற ஏற்பாடு 2024 ஜூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்திருந்தமை எங்களுக்கு வசதியாயிற்று. ஒக்லாந்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் பறந்து குவாங்சௌ நகரில் இறங்கினோம். தாயகம் செல்லும் வழியில் இந்நகரின் விமான நிலையத்தில் விமானம் மாறியவர்கள் எம்மவருள் பலர் உளர். ஆயினும் நிலையத்தை விட்டு வெளியே சென்று நகரைக் கண்டவர் சிலரே.

2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி குவாங்சௌ நகரில் ஒரு கோடியே 86 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். முழு நியூசிலாந்தின் மக்களைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமானோர் ஒரே நகரில்! ஒக்லாந்தின் வானளாவிய கோபுரம் 328 மீற்றர் உயரமானது. அங்குள்ள கன்ரன் கோபுரம் 600 மீற்றர். 1997இல் ஒரு தடத்துடன் தொடங்கிய நிலக்கீழ்த் தொடருந்து இன்று நகரெங்கும் வலையாகப் பரந்துள்ளது. சந்தையில் கீரை விற்கும் மூதாட்டியிடமும் கைத்தொலைபேசியால் பணம் செலுத்தலாம். பெரும்பாலோர் கட்டம் ஒன்றைப் படம் பிடித்தே பணம் செலுத்துகின்றனர். புறப்படும் முன்னரே அதற்கான செயலியை நிறுவிக்கொள்வது நன்று என்பதைச் செல்லவிருப்போருக்குக் கூறி வைக்கின்றோம்.

இவற்றையெல்லாம் கண்டு வியந்த எங்கள் மகள், இரண்டாம் நாள் ஓர் உண்மையை உணர்ந்தாள். "அம்மா, இங்கே எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியவில்லை. நான் முதலாம் வகுப்புப் பிள்ளை போலிருக்கிறேன்" என்றாள். எழுத்தறியாதவர் நிலை எத்தகையது என்பதை அவள் முதன்முறையாக அறிந்தது அன்றுதான்.

முள்முருக்கு நகரம்

குவாங்சௌவிலிருந்து அதிவேகத் தொடருந்தில் கிழக்குக் கரையோரமாகப் பயணித்துச் சுவான்சௌ நகரை அடைந்தோம். பெயர்கள் ஒலியில் நெருங்கியவை, ஊர்கள் வேறு. சுவான்சௌ, பூசியன் மாகாணத்தைச் சேர்ந்தது. சுற்றுப்புறங்களையும் சேர்த்து 2020இல் அங்கு 87 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். விளையாட்டுக் காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்ற சின்சியாங் இந்நகரின் ஆட்சிக்கு உட்பட்டதே. 2023 செப்டெம்பரில் திறக்கப்பட்ட புதிய அதிவேகத் தொடருந்துப் பாதை, சுவான்சௌ வளைகுடாவின் கடல்மீது பாலமிட்டுச் செல்கின்றது.

இப்புதுமைகளுக்கு நடுவே மிகப் பழைய துறைமுகம் ஒன்றும் உறங்குகின்றது. சொங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக இந்நகர் விளங்கிற்று. அராபிய வணிகர் இதனைச் 'சைத்தூன்' என அழைத்தனர். இப்பெயர் 'சித்தொங்' என்னும் சீன மரப் பெயரிலிருந்து வந்தது என்பர். அம்மரம் யாதென அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. அது எங்கள் வீட்டு வேலிகளில் நிற்கும் முள்முருக்கு! திருமணத்தில் கன்னிக்காலாக நடுகின்றோமே, அதே மரம்.

யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் இந்நகரின் 22 பழைமையான இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுள் ஒன்று கையுவான் பௌத்த ஆலயம். கி.பி. 686இல் நிறுவப்பட்ட இவ்வாலயத்தின் இரு பெருங் கற்கோபுரங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தவை. 1974இல் துறைமுகச் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுத்த சொங் காலக் கப்பலும் ஆலய வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நீர் புகுந்தாலும் மூழ்காதவாறு பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்ட அக்கப்பலில் நறுமணக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன.

தூணில் இருந்தவர்கள்

கையுவான் ஆலயத்தின் பெரு மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கற்றூண்கள் உள்ளன. மற்றைய தூண்களினின்றும் வேறுபட்ட அவற்றில் வட்ட வடிவச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எங்கள் மகள் ஒன்றை உற்று நோக்கினாள். "அப்பா, இது நரசிங்கர்!" என்று உரத்துக் கூவினாள். அருகில் நின்ற பயணிகள் திரும்பிப் பார்த்தனர். இரணியனைப் பிளக்கும் நரசிங்கர், முதலையின் பிடியிலிருந்து யானையை மீட்கும் திருமால், மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன் ஆகியோரைப் பௌத்த ஆலயத் தூணில் கண்டோம். அழிந்துபோன இந்து ஆலயம் ஒன்றிலிருந்து இத்தூண்கள் எடுத்துவரப்பட்டன. சுவான்சௌவின் கடல்சார் அருங்காட்சியகத்திலும் இத்தகைய கற்கள் பல உள. அவற்றுள் சிவலிங்கத்துக்கு மலரிடும் யானையின் சிற்பம் திருவானைக்காவின் கதையை நினைவூட்டுகின்றது.

இவற்றை இங்கு நிறுவியவர் யார்? தமிழ் வணிகர்களே என்பதற்கு எழுத்துச் சான்று ஒன்று உண்டு. 1956இல் இந்நகரிற் கிடைத்த கல்வெட்டு அது. தமிழிலும் இறுதியிற் சீன எழுத்திலும் அமைந்தது. சகாப்தம் 1203ஆம் ஆண்டு சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 ஏப்ரல், சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசை கான் எனும் மங்கோலியத் தலைவரின் நலத்துக்காகத் திருக்கதலீச்வரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. அது குப்ளாய் கான் சீனாவை ஆண்ட காலம். சோழ நாட்டுத் தூதுவர் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றனர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். கடல்வழி புதிதன்று.

அக்கல்வெட்டின் படப் பிரதி ஒன்றை நாங்கள் உடன் கொண்டு சென்றிருந்தோம். ஆலய முற்றத்து ஆலமர நிழலில் அமர்ந்து மகளின் கையிற் கொடுத்தோம். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. அவள் திணறினாள். எழுத்துகளின் வடிவமும் சற்றே வேறு. எனினும் நாங்கள் ஓரிரு எழுத்துகளைக் காட்டியபின் விரலால் தொட்டுத் தொட்டுச் சென்று, "சித்திரை" என்றாள். சிறிது நேரத்தின் பின் "நன்றாக" என்றாள். "நாங்கள் சொல்கிற அதே நன்றாகவா?" என்று கேட்டாள். ஆம், அதே சொல்தான். எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிய நாட்டில் ஒருவர் வெட்டுவித்த சொல்லை மனுகாவிற் பயிலும் பதினொரு வயதுப் பிள்ளை வாசித்தாள். இரண்டு நாட்களாக எதையும் வாசிக்க இயலாது தவித்தவள், அந்நகரின் எழுத்தொன்றை வாசித்துவிட்டாள்!

பெயரை இழந்த அம்மன்

மகிழ்ச்சிக்குப் பின் ஒரு வினா எழுந்தது. "அந்தத் தமிழ் மக்களின் பிள்ளைகள் இப்போது எங்கே? அவர்களுக்குச் சனிக்கிழமைப் பள்ளி இருக்கவில்லையா?" என்றாள். நாங்கள் உடனே விடை கூறவில்லை.

வரலாறு கூறும் விடை இது. 1357 முதல் 1366 வரை அந்நகரிற் பெருங் கலகம் மூண்டது. அதன் முடிவில் அந்நிய வணிகர் பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் சிதறினர். 1368இல் ஆட்சிக்கு வந்த மிங் மரபினர் தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தனர். பள்ளிக்கூடம் ஒன்று இருந்திருப்பின் எல்லாம் தப்பியிருக்கும் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் கற்கள் எஞ்சின. அவற்றை வாசிப்பார் எஞ்சவில்லை என்பதே உண்மை.

நகருக்கு அண்மையிலுள்ள செதியன் என்னும் சிற்றூரிற் பழைய பெண் தெய்வச் சிலை ஒன்று இன்றும் வழிபடப்படுகின்றது. அது இந்து ஆலயத்திலிருந்து வந்த அம்மன் சிலை என ஆய்வாளர் கூறுவர். ஊரவர் அதனைக் கருணை வடிவான 'குவான்யின்' எனப் போற்றித் தூபமேற்றி வணங்குகின்றனர். அவர்களின் அன்பு போற்றற்குரியது. அவர்கள் இன்றேல் சிலை அழிந்திருக்கும். ஆனால் அந்த அம்மனை முதலில் எந்தப் பெயரால் அழைத்தனர் என்பதைச் சொல்வதற்கு அவ்வூரில் எவருமில்லை. சிலை பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. பெயர் மொழியில் அன்றோ வாழ்கின்றது?

பெற்றோர்களே, எம் பிள்ளைகள் பொங்கலுக்குப் பட்டாடை உடுப்பர், தோசையும் இடியப்பமும் விரும்பி உண்பர், பரதம் ஆடுவர். இவையெல்லாம் சிலை போன்றவை. கண்ணால் காணக்கூடியவை ஆதலின் நெடுநாள் நிலைக்கும். இவற்றுக்கு நாம் இட்ட பெயரும் பொருளும் நிலைக்க வேண்டுமாயின் எழுத்து வேண்டும்.

மணியும் மூடியும்

வாசிப்பார் அற்றபோது எழுத்துக்கு என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. எமது நியூசிலாந்திலேயே தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி ஒன்று உண்டு. 1830களில் வில்லியம் கொலன்சோ என்ற மதபோதகர் வங்கரை அருகே அதனைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதனை உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்தனர். இன்று அது வெலிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்துக்கு உரியது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டும் அவ்வாறே. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் 1409ஆம் ஆண்டுக்குரியதாய்ப் பொறிக்கப்பட்ட அக்கல், 1911இல் காலி நகரில் வாய்க்கால் ஒன்றின் மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. வாசிப்பார் இல்லையேல் மணி பானையாகும், கல்வெட்டு மூடியாகும்.

சிப்பிப் பாலம்

புறப்படும் நாளன்று லுவோயாங் பாலத்தைப் பார்த்தோம். 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட இக்கற்பாலம் கடலும் ஆறும் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. அலை மோதும் அடித்தளக் கற்களைப் பிணைப்பதற்கு அக்காலத்தவர் ஓர் உபாயம் செய்தனர். கற்களின்மீது சிப்பிகளை வளர்த்தனர்! வளர்ந்த சிப்பிகள் கல்லோடு கல்லை இறுகப் பற்றிக்கொண்டன. உயிருள்ள பொருள் ஒன்று நாளும் வளர்ந்துகொண்டிருந்தமையே கற்களுக்கு உறுதியாயிற்று.

மாணவர்களே, நீங்களே அச்சிப்பிகள். நீங்கள் வாரந்தோறும் கற்கும் ஓரிரு சொற்கள் சிறியனவே. ஆயினும் நாம் கடல் கடந்து கொண்டுவந்த கற்களைப் பிணைத்து நிறுத்துவன அவையே. "எங்கே பயன்படுத்தப் போகிறோம்?" என்று எங்கள் மகள் இப்போது கேட்பதில்லை. "அடுத்த விடுமுறைக்கு வெலிங்டன் போய் அந்த மணியை வாசிப்போமா?" என்றே கேட்கின்றாள்.

பயிற்சி

1. 'சைத்தூன்' என்னும் பெயர் எம்மரத்தின் பெயரிலிருந்து வந்தது? அம்மரத்தை நாம் எதற்குப் பயன்படுத்துகின்றோம்?
2. சுவான்சௌக் கல்வெட்டு எந்த ஆண்டுக்குரியது? அது கூறும் செய்தி யாது?
3. "சிலை பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை." இக்கூற்றை விளக்குக.
4. லுவோயாங் பாலத்தின் கற்கள் எவ்வாறு பிணைக்கப்பட்டன?
5. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றின் தமிழ்ப் பெயரையும் அதன் வரலாற்றையும் பெற்றோரிடம் அல்லது பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.