ஸ்டாண்ட் மிக்ஸரில் பிரெட் மாவு பிசையப் போகிறீர்களா?

கேக் கலவை அடித்த அதே தைரியத்தில் பிரெட் மாவைப் போட்டு ஓட்டிவிடாதீர்கள். இது கெட்டி மாவு, மெஷினைத் திணறடிக்கும். இரண்டை மட்டும் கண்காணியுங்கள்: மோட்டாரின் சூடு, மாவின் சூடு.

செய்ய வேண்டியவை

• மெஷினோடு வந்த கையேட்டில் அதிகபட்ச மாவு அளவைப் பாருங்கள். கிண்ணம் கொள்ளும் மாவையெல்லாம் மோட்டார் இழுக்காது.

• எடை போட்டு எடுங்கள். 500 கிராம் மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். ஆட்டா என்றால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கேட்கும்.

• வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீரே ஊற்றுங்கள். பிசையும் ஹூக் உரசுவதாலேயே மாவு சூடேறும்; சமையலறையும் 34 டிகிரியில் இருந்தால் பிசைந்து முடிப்பதற்குள் பிசுபிசுத்துவிடும். பிறகு வேகமாகப் பொங்கி, புளித்து, சுவையில்லாமல் போகும். முடிக்கும்போது மாவு 24 முதல் 26 டிகிரிக்குள் இருக்கட்டும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், வீண் செலவல்ல. ஈஸ்ட்டைக் குளிர்ந்த நீரில் போடாமல் மைதாவிலேயே கலந்துவிடுங்கள்.

• எல்லாம் சேர்ந்ததும் 20 நிமிடம் மூடி வையுங்கள். அந்த நேரத்தில் குளூட்டன் தானாகவே உருவாகும். மோட்டாருக்கு அவ்வளவு வேலை மிச்சம்.

• வெண்ணெய் சேர்ப்பதானால் கடைசியில் சேருங்கள். முதலிலேயே போட்டால் குளூட்டன் பிடிக்க நேரமாகும்.

• சிறு உருண்டை பிய்த்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு விரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

• கையேடு சொல்லும் வேகத்தைத் தாண்டாதீர்கள். பத்து வேகமுள்ள வீட்டு மெஷின்கள் பலவற்றில் பிரெட் மாவுக்கு 2தான் எல்லை. மீறினால் கியர் தேயும்.

• ஓடும்போது கையோ கரண்டியோ விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வழியுங்கள். துப்பட்டாவையும் தலைமுடியையும் முதலிலேயே கட்டிக்கொள்ளுங்கள். ஹூக்கில் சிக்கினால் இழுத்துக்கொள்ளும்.

• ஓடவிட்டுவிட்டு டிவி பார்க்கப் போகாதீர்கள். கெட்டி மாவு குலுக்குவதில் மெஷின் நகர்ந்து மேடையிலிருந்து விழும்.

• ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளிக் கொட்டாதீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் பிசைந்தால் பெரும்பாலும் தானே திரண்டு வரும். அவசரப்பட்டால் பிரெட் இறுகிப்போகும்.

• மாவு ஹூக்கின் மேலே ஏறினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். நிறுத்தி, வழித்து இறக்குங்கள்.

• மெஷினின் தலை கை வைக்க முடியாமல் சுட்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ தொடராதீர்கள். ஆறட்டும், மீதியைக் கையால் பிசையுங்கள்.

• அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் மிக்ஸரை நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகாதீர்கள். மோட்டார் எரிந்துவிடும். அதன் வாட்ஸைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிய பிறகே பெட்டியைப் பிரியுங்கள்.

• பூச்சில்லாத அலுமினிய ஹூக்கை டிஷ்வாஷரில் போடாதீர்கள். கறுத்துப்போய், தொட்டால் கையிலும் மாவிலும் கறை ஒட்டும்.