பெயரை எழுதாதீர், குறியை எழுதுவீர்

ஓசூரின் தொழிற்சாலைகளை விட்டுத் தெற்கே புறப்பட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் காடுகளை அடைந்துவிடலாம். தேன்கனிக்கோட்டையைச் சூழ்ந்த இப்பகுதியின் காடுகள் கர்நாடக மாநிலக் காடுகளுடன் இடைவெளியின்றித் தொடர்பவை. எல்லைக் கல் எங்குள்ளது என்பதை மனிதன் அறிவான். மேயும் ஆடுமாடுகளும் அவற்றைத் தொடரும் நோய்களும் அறியா. இத்தகைய இடத்தில் புதிய நோயையோ அரிய உயிரினத்தையோ முதன்முதல் காண்பவர் ஆராய்ச்சியாளர் அல்லர்; பட்டி காப்பவரே. அவர் கண்டது ஏட்டில் ஏறாவிடில் அது காணாததற்கே ஒப்பாகும்.

ஒரு வரியால் நேர்ந்த இழப்பு

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒன்றியத்தின் காட்டோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தின் ஆட்டுப்பட்டியில் பாதி மாண்டுபோயிற்று. பதிவேட்டில் "ஆடுகள் நோயால் இறந்தன" என்று ஒரே வரி எழுதப்பெற்றது. அதன்கீழ்க் கையொப்பமிட்டவன் நானே. பின்னர் வந்த கால்நடை மருத்துவர், "மூக்கில் சளி ஒழுகிற்றா? வாயில் புண் இருந்ததா? சந்தையிலிருந்து புதிய ஆடு வந்ததா?" என்று வினவினார். விடை கூற எவருமில்லை. இறந்த ஆடுகள் ஓடையில் எறியப்பட்டுவிட்டன. நோய் இன்னதென்று அறிய வழியின்றிப் போயிற்று. அடுத்த மாதம் பக்கத்துப் பட்டியிலும் ஆடுகள் இறந்தன.

அரசூர் தந்த பாடம்

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1987ஆம் ஆண்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் செம்மறியாடுகள் நோயுற்றன. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகிய குறிகளைக் கண்டோர் அதனை மாடுகளின் வெக்கை நோய் என்றே கொண்டிருக்கலாம். அவ்வளவு ஒற்றுமை இரண்டிற்கும் உண்டு. ஆயினும் மாதிரிகள் எடுத்து ஆராய்ந்ததில் அது ஆட்டுக்கொல்லி நோய் எனத் தெளிவாயிற்று. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942இல் விவரிக்கப்பெற்ற அந்நோய், இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது அரசூரிலேதான். அங்குக் கிடைத்த நச்சுயிரியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஒன்றை உருவாக்கியது. அத்தடுப்பூசி வகைக்கு இன்றும் அரசூர் என்பதே பெயர்.

மாட்டுத் தோலில் கட்டிகளை உண்டாக்கும் தோல் கழலை நோயும் இவ்வாறே வந்தது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 2019இல், ஒடிசாவில். உழவர் அதனை "அம்மை" என்றழைப்பது இயல்பே. எனினும் ஏட்டில் "அம்மை" என்று மட்டும் எழுதிவிட்டால் பழைய பெயருக்குள் புதிய நோய் ஒளிந்துகொள்ளும். "உடலெங்கும் நெல்லிக்காய் அளவு கட்டி, கால் வீக்கம், பால் குறைவு" என்று எழுதினாலோ மருத்துவர் விழித்துக்கொள்வார். ஆதலால் நோயின் பெயரைத் தேடாதீர். கண்ட குறியை எழுதுவீர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் நம் பகுதியில் ஒரே பெயர் ஊருக்கு ஊர் வெவ்வேறு நோயைக் குறிப்பதுண்டு. குறி மாறுவதில்லை.

காட்டையும் கவனியுங்கள்

1957ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்து கிடந்தன. அண்டை ஊர் மக்களும் காய்ச்சலால் வருந்தினர். இவ்விரண்டையும் இணைத்து நோக்கியதாலேயே உண்ணிகள் பரப்பும் குரங்குக் காய்ச்சல் உலகிற்குத் தெரியவந்தது. ஆகவே காட்டில் குரங்கு இறந்து கிடப்பதும் எழுதத்தக்க செய்தியே. ஆனால் அதனைத் தொடுதல் கூடாது. உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

உயிரினங்களின் செய்தியும் இத்தகையதே. காப்பித் தோட்டங்களால் பல தலைமுறைகளாக மனிதர் நடமாடிய ஏற்காட்டு மலையில் வாழும் சிறு பல்லியினம் ஒன்று 2000ஆம் ஆண்டில்தான் அறிவியல் பெயர் பெற்றது. நம் காவிரிக் கரைக் காடுகளிலோ சாம்பல் நிற மலை அணிலும் நீர்நாயும் முதலையும் வாழ்கின்றன. இக்காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. இன்னும் எழுதப்பெறாதவை எத்தனையோ! அறியாத உயிரைக் கண்டால் பிடிக்கவோ கொல்லவோ வேண்டா. கண்ட இடம், நேரம், மரம் அல்லது பாறை, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏடு எழுதும் முறை

நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். மாதிரிக்கு ஒரு பதிவு:

"ஐப்பசி 14. ஊருக்கு மேற்கே ஓடைக்கரைப் பட்டி. வெள்ளாடு 40இல் 6க்கு மூக்குச் சளி, வாய்ப்புண், கழிச்சல். குட்டி 2 இறந்தன. சென்ற வாரம் சந்தையில் 3 ஆடுகள் வாங்கப்பட்டன. அன்று மாலையே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது."

நாள், இடம், மொத்தத் தொகை, நோயுற்றவை, இறந்தவை, குறிகள், புதிய வரவு, யாருக்குத் தெரிவித்தோம் என்னும் எட்டும் இதில் அடங்கிவிட்டன. எழுதத் தெரியாத பட்டிக்காரர் சொல்ல, வார்டு உறுப்பினர் எழுதலாம்.

நல்ல நிலையிலிருந்த மாடு திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அவ்வுடலை அறுத்தலும் தோலுரித்தலும் ஆகா. அதன் நுண்வித்துக்கள் மண்ணில் பல்லாண்டுகள் அழியாமல் கிடக்கும், மனிதரையும் தாக்கும். மருத்துவர் வரும்வரை நாயும் நரியும் அணுகாமல் காத்தல் வேண்டும்.

சட்டமும் கடமையும்

கால்நடைத் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலில் உள்ள நோய் ஏற்பட்டதாக ஐயுறும் உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ அறிவிக்க வேண்டும் என்கிறது. அங்கிருந்து செய்தி எழுத்து மூலம் கால்நடை மருத்துவரைச் சேர வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமோ ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து உயிர்வளத்தைப் பதிவு செய்யப் பணிக்கிறது. ஆகவே இவ்வேடு பிறருக்காகச் சுமக்கும் சுமையன்று. ஊராட்சியின் சொந்தக் கடமையே.

இந்தியாவின் மாட்டுத் தொழுவங்களைப் பன்னெடுங்காலம் சூறையாடிய வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியுடன், ஊர்தோறும் நோயைத் தேடிக் கண்டு எழுதியவர்களின் உழைப்பும் அவ்வெற்றிக்குக் காரணம். அடுத்த ஊராட்சிக் கூட்டத்திலேயே ஒரு குறிப்பேட்டை மேசைமேல் வையுங்கள். முதல் பக்கத்தை இன்று காலை பட்டியில் கண்டதைக் கொண்டே தொடங்குங்கள்.