தலைமைப் பூசலும் கட்டற்ற மென்பொருளும்

கேரள மாநிலத்தில் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கி வருகின்றன. மாநில அரசு 2001இல் தொடங்கி, 2017இல் 'கைட்' எனும் அரசு நிறுவனமாக மாற்றியமைத்த பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், கட்டற்ற மென்பொருளைத் தழுவியதாகும். மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பகிரவும் எவருக்கும் உரிமை வழங்குவதே கட்டற்ற மென்பொருள். இப்பள்ளிகளில் ஆவணம் தயாரிக்கப் பயிலும் 'லிப்ரெ ஆபீஸ்' தொகுப்பு, ஒரு தலைமைப் பூசலின் விளைவாகத் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

பூசலின் வரலாறு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000இல் 'ஓப்பன் ஆபீஸ்' மூலநிரலை வெளியிட்டது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் ஒரே நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்திருத்தல் தகாது எனக் கருதிய பங்களிப்பாளர்கள், 2010 செப்டம்பர் 28 அன்று தனி அறக்கட்டளையை அறிவித்து, 'லிப்ரெ ஆபீஸ்' என்ற பெயரில் பிரிந்தனர். ஆரக்கிள் தன் தொகுப்பை 2011 ஜூனில் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அதன்பின் இரு தொகுப்புகளும் போட்டியிட்டன.

பொருளாதார நோக்கு

இப்போட்டியில் பழைய பெயரும் வணிகக் குறியும் ஒரு தரப்பிடமே இருந்தன. மூலநிரலோ இரு தரப்புக்கும் பொதுவாயிற்று. தேர்ந்த உழைப்பாளர்கள் பெரும்பாலும் எத்தரப்பில் சேர்ந்தனரோ, அத்தரப்பே விரைந்து வளர்ந்தது. மேலும், அப்பாச்சி உரிமத்தின்கீழ் வந்த திருத்தங்களை லிப்ரெ ஆபீஸ் ஏற்க முடிந்தது. உரிம வேறுபாட்டால் மறுதலையாக இயலவில்லை. ஆகவே, இத்துறையில் தலைமை என்பது உடைமையால் அன்றி, பங்களிப்போரின் இசைவால் நிலைபெறுகிறது எனலாம்.

எல்லைப்புறப் பள்ளிகளுக்கான பாடம்

இரு தொகுப்புகளும் 2006இல் பன்னாட்டுத் தர நிர்ணயம் பெற்ற திறந்த ஆவண வடிவத்தையே கையாண்டன. எனவே, பிளவுக்கு முன் சேமித்த கோப்புகள் வீணாகவில்லை. எனினும் உரிமை வேறு, உழைப்பு வேறு. திட்டம் இரண்டாகும்போது தமிழாக்கப் பணியும் இரட்டிக்கிறது. அதனை ஆற்றவல்லாரோ சிலரே. சந்தை சிறிதாயினும், சிறுபான்மை மொழியினர் தம் மொழியைச் சேர்த்துக்கொள்ளக் கட்டற்ற மென்பொருள் வழி திறக்கிறது. அவ்வழியில் நடக்க ஆள் வேண்டும்.

ஆகவே, மென்பொருளைத் தெரிவுசெய்யும் அலுவலர்கள் அதன் விலையை மட்டும் நோக்குதல் போதாது. பெயர் எவரிடம் உள்ளது, உரிமம் யாது, பங்களிக்கும் அமைப்புகள் பலவா, கோப்பு வடிவம் பொதுவானதா என்பவற்றையும் ஆராய வேண்டும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைத் தமிழாக்கத்திற்கும் பராமரிப்பிற்கும் ஒதுக்குதல், எல்லைப்புற மாணவர்க்கு நிலையான பயனளிக்கும்.