டிபியில நீ மட்டும் தெரியணுமா? அக்காவின் டிப்ஸ்

சித்தேரி மலையிலிருந்து சாமை, புளி, தேன்னு வாட்ஸ்அப்பில விக்க ஆரம்பிச்சிருக்கே, சந்தோஷம் கண்ணு. ஆனா உன் டிபியைப் பாரு. பின்னால துணிக்கொடி, பாதி பைக், யாரோ ஒருத்தரோட முழங்கை. ஆர்டர் போடுறவங்க உன் முகத்தைத் தேடவேண்டியிருக்கு. பின்னணியை எடுத்துடலாம், சுலபம்தான். ஆனா பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிஞ்சிருக்கணும்.

1. சுவர்தான் முக்கியம்
பலா மரத்தடி பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இலை நிழல் முகத்துல திட்டுத் திட்டா விழும், இருட்டான இலையும் தலைமுடியும் ஒண்ணாயிடும். நிறம் மாறுற இடம் தெளிவா இருந்தாத்தான் மென்பொருள் ஆளைச் சரியாப் பிரிக்கும். வெயில் ஏறும் முன்னாடி, சுண்ணாம்பு அடிச்ச சுவருக்கு நாலடி முன்னால நில்லு. அன்னைக்கு மட்டும் வெள்ளை, சந்தன நிறச் சேலை வேண்டாம்.

2. சிக்னலைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடு
ரிமூவ்.பிஜி தளத்துல படத்தை ஏத்தினா சில நொடியில பின்னணி போயிடும். இலவசமாக் கிடைக்கிறது சின்ன படம். டிபிக்குப் போதும், பேனருக்குப் பத்தாது. மலையில சிக்னல் வந்து வந்து போச்சுன்னா ஏத்தவே பொழுது போயிடும். லேப்டாப் இருந்தா, அரூர் போறப்ப ஜிம்ப் மென்பொருளை இறக்கிக்கோ. 1996-லிருந்து இலவசமாக் கிடைக்குது, அப்புறம் நெட் தேவையில்ல. விண்டோஸ் 11-ல புதுசா அப்டேட் ஆன பெயின்ட்லயே பின்னணி நீக்கும் பட்டன் இருக்கு.

3. ஜிம்ப்ல செய்யும் முறை
- படத்தைத் திறந்ததும் லேயர் மெனுவில 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடு. இதை விட்டா, அழிச்ச இடம் வெறுமையாகாம ஏதாவது ஒரு நிறமா நிக்கும்.
- மந்திரக்கோல் மாதிரி இருக்கிற 'ஃபஸி செலக்ட்' எடுத்துச் சுவர்மேல க்ளிக் பண்ணு. விட்டுப்போன இடத்தை ஷிஃப்ட் அழுத்திச் சேர்த்துக்கோ.
- செலக்ட் மெனுவில 'க்ரோ', 1 பிக்சல். ஓரத்துல வெள்ளைக் கோடு நிக்காது.
- கன்ட்ரோல்-ஐ அழுத்தித் தேர்வைத் திருப்பிப் போடு. இப்போ நீ மட்டும் தேர்வாகியிருப்பே.
- டெலீட் அடிக்காதே. லேயர் மாஸ்க் சேர்த்து, அதுல 'செலக்‌ஷன்'னு தேர்ந்தெடு. மாஸ்க்கில கறுப்பு பூசினா மறையும், வெள்ளை பூசினா திரும்ப வரும். காது போயிட்டாலும் மீட்டுடலாம்.

4. முடியும் பூவும்
ஒவ்வொரு முடியையும் காப்பாத்தப் பார்த்தா விடிஞ்சிடும். ஓரம் மெத்துன்னு இருக்கிற பிரஷை எடுத்து, பிரிஞ்சு பறக்கிற முடியை லேசாக் கறுப்பு பூசி மறைச்சுடு. கனகாம்பரத்தைப் பெரிசாக்கிப் பொறுமையாப் பண்ணு. இதழுக்கு நடுவுல சுவர் எட்டிப்பார்க்கும். முடிச்சதும் அடியில அடர்நீல லேயர் ஒண்ணு வெச்சுப் பாரு. விட்ட இடமெல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

5. சேமிக்கிறதுல கோட்டை விடாதே
திருத்துறதுக்கு ஒரு எக்ஸ்சிஎஃப் பிரதி, பயன்படுத்த ஒரு பிஎன்ஜி. ஜேபிஜியில வெறுமையான இடம் நிக்காது, நிறமா நிரம்பிடும். யாருக்காவது அனுப்பினா போட்டோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்பு. டிபிக்குன்னா அடியில ஒரே நிறம் கொடுத்து, சதுரமா வெட்டி, முகத்தை நடுவுல வை. வாட்ஸ்அப் வட்டமாக்கும்போது மூலையெல்லாம் போயிடும்.

6. விண்ணப்பப் படத்துல கைவைக்காதே
தேர்வு, பாஸ்போர்ட் மாதிரி விஷயத்துக்கு வெட்டி ஒட்டின படம் வேண்டாம். வெள்ளைச் சுவர் முன்னாடி புதுசா எடு. திருத்தினது தெரிஞ்சா விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம்.

7. தேன் பாட்டிலை விட்டுடு
சாமைப் பொட்டலத்துக்கு இதே முறை சரிப்படும். கண்ணாடி பாட்டிலுக்கு ஆகாது. கண்ணாடி வழியாப் பின்னணி தெரியும், வெட்டினா போலி மாதிரி இருக்கும். அதோட, தேன் வாங்குறவங்களுக்கு அது எங்கிருந்து வருதுன்னு தெரியணும். உன் படத்துல மலையை எடுத்துடு, தேன் படத்துல மலை இருக்கட்டும்.