கம்ப்ரஸர் வாங்குமுன் காற்றழுத்தத்தை அறிந்துகொள்வோம்



"பல் மருத்துவப் பிரிவுக்கு ஒரு கம்ப்ரஸர் வாங்கித் தர விரும்புகிறோம். எத்தனை பார் அழுத்தம் உள்ளதாக வாங்கவேண்டும்?" என்று சபையார் சிலர் எங்களிடம் கேட்டுள்ளனர். அன்பு நிறைந்த கேள்வி. ஆனால் பாதிக் கேள்விதான். ஏன் என்பதை எங்கள் சொந்தத் தவற்றைக் கொண்டே விளக்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், 8 பார் வரை ஏறும் கம்ப்ரஸர் ஒன்றை மகிழ்ச்சியோடு வாங்கினோம். ஒரு நாற்காலி மட்டும் இருந்தவரை குறையில்லை. இரண்டாம் நாற்காலி வந்த வாரத்தில், வயதான ஒரு தாயாரின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கையில் கருவி வேகம் குறைந்து நின்றுவிட்டது. வலியோடு, வாயைத் திறந்தபடியே அவர் காத்திருக்க நேர்ந்தது. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை; நாங்கள் தேர்ந்தெடுத்த விதம்தான் தவறு.

அழுத்தம் என்றால் என்ன?

நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. இதுவே சுமார் 1 பார். கம்ப்ரஸரிலுள்ள அழுத்தமானி இதைச் சேர்த்துக் காட்டுவதில்லை. இதற்கு மேல் உள்ளதையே காட்டுகிறது. ஆகவே முள் 7-இல் நின்றால், ஏறத்தாழ எட்டுத் தொட்டிகள் கொள்ளும் வெளிக்காற்று அந்த ஒரே தொட்டிக்குள் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

அழுத்தம் வேறு, அளவு வேறு

வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஆனால் மோட்டார் ஏற்றும் தண்ணீர் குறைவாக இருந்து, நான்கு குழாய்களையும் திறந்துவிட்டால், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தும் பயனில்லை, வற்றிப்போகும். கம்ப்ரஸரும் அப்படியே.

பல் குடையும் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழன்றாலும், அதற்குத் தேவையான அழுத்தம் சுமார் 2.5 பார்தான். கார் டயரில் அடைப்பதைவிடச் சற்றே அதிகம். நாற்காலிக்கு 5 முதல் 6 பார் வந்தால் போதும். ஆனால் காற்று இடைவிடாமல் வரவேண்டும். எங்கள் நாற்காலி ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் காற்று வேண்டும்; இரண்டுக்கு 120. எங்கள் கம்ப்ரஸரோ 5 பாரில் 80 லிட்டரே தந்தது. 8 பார் என்ற எண்ணைப் பார்த்த நாங்கள், அதற்கு அடுத்த எண்ணைப் படிக்கவில்லை.

"அழுத்தம் அதிகமாகவே இருக்கட்டுமே" என்பதும் சரியல்ல. அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அதே இயந்திரம் தரும் காற்று குறையும். மின்செலவும் சூடும் கூடும்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை

1. கருவிக்கு வேண்டிய அழுத்தத்தில், இது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை வெளியே தரும்? உள்ளே இழுக்கும் அளவைச் சொன்னால் போதாது. தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாக இருப்பது நல்லது.

2. எண்ணெய் இல்லாமல் இயங்குவதா? டயர் கடைக் கம்ப்ரஸரின் காற்றில் எண்ணெய் கலந்துவரலாம். எண்ணெய் பட்ட பல்லில் நிரப்பும் பொருள் சரியாக ஒட்டாது.

3. காற்றை உலர்த்தும் வசதி உண்டா? அமுக்கிய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தேங்கும்.

4. மலையூருக்கா? உதகை போன்ற, சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள இடங்களில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அங்கே அதே வேலைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும்.

பின்னர் ஆதரவாளர்களின் உதவியால், 5 பாரில் 160 லிட்டர் தரும் எண்ணெயில்லாக் கம்ப்ரஸரை வாங்கினோம். அதன் உச்ச அழுத்தம் பழையதைவிட அதிகமல்ல. ஆனாலும் இரண்டு நாற்காலிகளும் தடையின்றி இயங்குகின்றன. அந்தத் தாயாரும் திரும்பி வந்து, பல்லை அடைத்துக்கொண்டு சென்றார்.

ஆகவே எந்த மருத்துவமனைக்கு இயந்திரம் வாங்கிக் கொடுப்பதானாலும், முதலில் அங்கே ஒரு கடிதம் எழுதி, "எத்தனை பார்? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?" என்று இரண்டையும் கேளுங்கள். அந்த ஒரு கடிதம் உங்கள் நன்கொடை வீணாகாமல் காக்கும்.