மீட்டர் லைட் எரியவில்லையா? பல்ப் வாங்கக் கிளம்புமுன்

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரி பக்கம் இரவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாலை அகலம், சிக்னல் குறைவு, கால் தன்னால் அழுத்தும். மீட்டர் இருட்டாக இருந்தால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது வெறும் அனுமானம்தான். “மாருதி 800க்கு மீட்டர் எதற்கு, எண்பதைத் தொட்டால் வண்டியே கத்திச் சொல்லிவிடும்” என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பெட்ரோல் எவ்வளவு மிச்சம், இன்ஜின் சூடு ஏறுகிறதா என்பதை எந்தச் சத்தமும் சொல்லாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தெருக்களில் மாருதி 800ம் ஆம்னியும் இன்னும் ஓடுகின்றன. 800 சந்தைக்கு வந்தது 1983இல். சென்னை உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலோடு விற்பனை நின்றது, 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. ஆகவே நம் பக்கம் ஓடும் 800கள் அநேகமாகப் பதினைந்து வயதைத் தாண்டியவை. டிஎன் 12 என்றால் பூந்தமல்லி, டிஎன் 13 என்றால் அம்பத்தூர் என்று ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஆர்சி புதுப்பிக்கக் கொண்டுபோனால் வண்டியை ஒரு பார்வை பார்ப்பார்கள். வேகமானி இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117வது விதி. அந்த வேகமானி இரவில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

வேலை சின்னதுதான். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆனால் பாதிப் பேர் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். எரியாதது பல்ப் என்று முடிவு கட்டி டேஷ்போர்டைக் கழற்றிவிடுகிறார்கள்.

முதலில் இருந்த இடத்திலிருந்தே பாருங்கள்

சாவியைத் திருப்பாமல் பார்க்கிங் லைட்டை மட்டும் போடுங்கள். மீட்டர் முழுக்க இருட்டா, ஒரு பக்கம் மட்டுமா என்று கவனியுங்கள். பிறகு இறங்கி வண்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் வெளிச்சம் மூன்றும் ஒரே ஃப்யூஸில்தான் இருக்கும். பின் விளக்கும் அணைந்திருந்தால் உங்கள் பிரச்சினை மீட்டரில் இல்லை. இத்தனை நாள் பின்னால் வெளிச்சமே இல்லாமல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு முன்னால் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஃப்யூஸைக் கழற்றி, அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். மறுபடி போனால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது. அதைத் தேட வேண்டுமே தவிர, பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்கக் கூடாது. வயர் உருகுவது அப்படித்தான்.

பின் விளக்கு எரிகிறது, மீட்டர் மட்டும் முழு இருட்டு என்றால் எல்லா பல்பும் ஒரே நாளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. எர்த் அல்லது கப்ளர் மீதுதான் சந்தேகம் போக வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழ் உள்ள வண்டியானால் அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருகிப் பாருங்கள். உள்ளே படிந்த அழுக்கு விலகி வெளிச்சம் வந்துவிடுவது உண்டு.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி தெருக்களில் கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் மீட்டர் வரை ஏறியிருக்காது. ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் வயர்களிலும், பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டிலும் பச்சைக் களிம்பு பிடித்து, மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். வெளிச்சம் மங்கி மங்கி எரிவது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் லைட்டும் சேர்ந்து துடிப்பது எல்லாம் எர்த் கெட்டதன் அடையாளம். அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, திரும்ப இறுக்கினால் போதும். பழைய கார் வாங்கும்போது ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

பிறகு சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பேட்டரி படம் போட்ட சார்ஜ் லைட்டும் ஆயில் லைட்டும் எரிய வேண்டும். ஓடும்போது எரியாமல் இருப்பது நல்லது. இப்போது எரியாமல் இருப்பது கெட்டது. வெளிச்சத்துக்கான பல்ப் போனால் அசௌகரியம், ஆயில் லைட் பல்ப் போனால் இன்ஜினே போகலாம். மீட்டரைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் சார்ஜ் லைட், ஆயில் லைட் பல்புகள் இரண்டையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

என்ன வாங்குவது

ஜப்பானிய வடிவமைப்பு கார்களில் பெரும்பாலும் கடைக்காரர்கள் “கேப்லெஸ்” என்று சொல்லும், அடியில் உலோக மூடி இல்லாமல் கண்ணாடியே தட்டையாக இருக்கும் பல்ப். பழைய அம்பாசிடரில் திருகு பல்ப் இருக்கும். கழற்றிய பல்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதே உத்தமம். வாட் எண்ணிக்கை பல்பின் அடியிலோ தலையிலோ பொறித்திருக்கும், அதையே வாங்குங்கள். மூன்று வாட் இருந்த இடத்தில் ஐந்து வாட் போட்டால் வெளிச்சம் கூடும்தான். சில மாதங்களில் ஹோல்டர் இளகி, மீட்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறும்.

சாதாரண பல்ப் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் டீ, வடை காசுக்குக் கிடைக்கும். ஹோல்டரோ மீட்டரின் பின்பக்கத் தகடோ உடைந்திருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கும் இல்லையென்றால் புதுப்பேட்டை. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய்விட்டால் இரண்டும் பக்கம்தான். புதுப்பேட்டையில் முழு மீட்டரையே தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்கினால் அதில் ஓடியிருக்கும் கிலோமீட்டர் உங்கள் வண்டிக் கணக்காகிவிடும், விற்கும்போது சிக்கல். ஹோல்டரை மட்டும் கேளுங்கள்.

எல்இடி போடலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வெளிச்சத்துக்குப் போடலாம், ஆனால் அடக்கமானதாக. கண்ணைப் பறிக்கும் நீல வெள்ளை எல்இடி போட்டால் முன் கண்ணாடியில் அதன் பிம்பம் விழும், இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெடும். பழைய மீட்டரின் மங்கலான பச்சை நிறம் குறைபாடு இல்லை. பல வண்டிகளில் அந்தப் பச்சை, பல்ப் மேல் மாட்டிய சின்ன ரப்பர் தொப்பியிலிருந்து வருகிறது. அதை எறிந்துவிடாதீர்கள்.

சார்ஜ் லைட்டில் மட்டும் எல்இடி வேண்டவே வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த பல்ப் வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு முதல் மின்சாரம் போவது இந்த பல்ப் வழியாகத்தான். மூன்று வாட் பல்ப் கால் ஆம்பியர் விடும். எல்இடி விடுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விளைவாக, இன்ஜினை நன்றாக முறுக்கும்வரை சார்ஜ் ஏறாது. நம்மாட்கள் “டைனமோ போச்சு” என்று அதைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவார்கள். 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. அந்த வட்டாரத்துப் பழைய எலக்ட்ரீஷியன்கள் சார்ஜ் குறைவு என்றால் முதலில் மீட்டரில் அந்த பல்பைத்தான் பார்ப்பார்கள்.

கழற்றுவது

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ரேடியோ செட்டுக்குக் கோட் எண் கேட்கும் வண்டியானால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று இதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்க்ரூக்கள் மேல் விளிம்பின் உள்பக்கம் ஒளிந்திருக்கும். எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். எல்லாம் கழன்ற பிறகும் மூடி வரவில்லை என்றால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று பொருள், பிடித்து இழுக்காதீர்கள். இருபது ஆண்டு வெயில் குடித்த பிளாஸ்டிக் சட்டென்று வாய்விட்டுவிடும். அடுத்து மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். அவற்றை எடுத்ததும் மீட்டர் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் முன்னால் வரும், பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் பிடித்திருக்கும். சில வண்டிகளில் பிளாஸ்டிக் கொக்கியை அழுத்தி இழுக்க வேண்டும், சிலவற்றில் வளையத்தைத் திருக வேண்டும். கை எட்டவில்லை என்றால் இன்ஜின் பக்கமிருந்து கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொடுத்தால் இடம் கிடைக்கும். பிறகு கப்ளர்கள். கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை மெத்தென்ற துணியில் கவிழ்த்து வையுங்கள். முள்ளைத் தொடக் கூடாது. பின்பக்கம் செம்புக் கோடுகள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், பல்ப் ஹோல்டர்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். கால் சுற்று இடப்பக்கம் திருகினால் ஹோல்டர் வெளியே வரும், பல்பை நேராக இழுத்தால் வந்துவிடும். ஹோல்டரின் சின்ன உலோக நாக்குகளும் அவை தொடும் செம்பும் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். இங்கே உப்புத்தாள் கூடாது, செம்பு மிக மெல்லியது. நாக்குகள் தட்டையாகிக் கிடந்தால் நகத்தால் இம்மியளவு தூக்கிவிடுங்கள். போனதாக நினைத்த பல்ப் இதிலேயே உயிர்பெறுவது உண்டு.

அம்பாசிடரில் இந்தத் தாள் கதையே இல்லை. வயரோடு கூடிய ஹோல்டர் மீட்டரின் முதுகில் சொருகியிருக்கும், இழுத்தால் வரும்.

மூடுமுன்

கப்ளர்களை மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்து, மீட்டர் தொங்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பார்க்கிங், ஹை பீம், இரண்டு இண்டிகேட்டர், சாவி திருப்பினால் வரும் லைட்டுகள். எல்இடி எரியவில்லை என்றால் பல்பை எடுத்து 180 பாகை திருப்பிச் சொருகுங்கள், அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு. எல்லாம் சரியென்றால் பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, மீட்டரைப் பொருத்துங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் “டக்” என்று உட்கார வேண்டும். அதற்கு எண்ணெய் விடும் ஆசை வேண்டாம், அது கேபிள் வழியே ஏறி மீட்டருக்குள் வந்துவிடும். கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, சார்ஜ் லைட் அணைகிறதா, தெருவில் நகர்ந்தால் முள் நடுங்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ரேடியோ

செட்டின் பட்டன்கள் இருட்டாக இருந்தால், செட்டைக் கழற்றி அதன் பின்னால் வரும் ஆரஞ்சு வயரைத் தேடுங்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய செட்டுகளில் அது பார்க்கிங் லைட்டோடு சேர வேண்டிய வயர். பொருத்தியவர் டேப் சுற்றி அப்படியே விட்டிருப்பார், செட்டில் கோளாறே இருக்காது. மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் என்பதால், பேட்டரியைக் கழற்றாமல் இங்கே கை வைக்காதீர்கள்.

பழைய கேசட் செட்டில் பல்ப் நெல்மணி அளவுதான், இரண்டு வயரோடு பலகையில் ஈயத்தால் பற்றவைத்திருக்கும். அதே பல்ப் கிடைக்காவிட்டால் ரிச்சி தெருவில் 3 மில்லிமீட்டர் எல்இடியும், ஒரு கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டரும் வாங்கி வரிசையாக இணைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை வரும். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மிச்சத்துக்குப் பதினோரு மில்லி ஆம்பியர் அளவில் ஓடும், அது போதும். எல்இடி ஒரு புள்ளியில் மட்டும் பளிச்சிட்டு மற்ற எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அதன் தலையை உப்புத்தாளில் தேய்த்துப் பால் நிறமாக்கினால் வெளிச்சம் பரவும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், அதிகம் சூடானால் பலகையின் செம்பு உரிந்துவிடும்.

எழுத்து தெரியும் கண்ணாடியே கறுத்துப்போயிருந்தால் அதற்கு பல்ப் மருந்தாகாது. அதே மாடல் பழைய செட் புதுப்பேட்டையில் கிடைத்தால் முகப்பை மட்டும் மாற்றலாம். பின்னால் உள்ள பின்களின் எண்ணிக்கை உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.