கண்ணாடி இழையும் காணா ஒளியும்

பத்தாம் வகுப்பு மாணவி

சென்ற கோடையில் என் பெரியப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் என்றார்கள். பாட்டி நாள்தோறும் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தார்கள், வலி நிற்கவில்லை. முடிவில் மருத்துவர், "கத்தி வேண்டாம், துலியம் இழை லேசரால் பொடியாக்கிவிடலாம்" என்றார். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்றல்லவா நாம் படித்தோம்! வளைந்த சிறுநீர்ப் பாதைக்குள் அது எப்படிப் போகும்?

முழு அக எதிரொளிப்பினால்தான். இழையின் உள்ளகத்தைவிட மேலுறைக்கு ஒளிவிலகல் எண் குறைவு. ஆகவே ஒளி வெளியேறாமல் பட்டுப் பட்டுத் திரும்பி, இழை வளையும் வழியே செல்கிறது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, இழைக் கட்டின் வழியே உருவத்தையே அனுப்பிக் காட்டி 1954-இல் வெளியிட்டார்.

இழை ஒளியைக் கடத்துவதோடு நிற்பதில்லை. தானே லேசராகவும் ஆகும். 1961-இல் அமெரிக்காவில் ஸ்னிட்சர் நியோடிமியம் கலந்த இழையில் இதைச் செய்து காட்டினார். நம் மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட்டில் இந்த நியோடிமியம் உண்டு! துலியம் கலந்த இழையோ சுமார் 1,940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைத் தரும். கண்ணுக்குத் தெரியாத அவ்வொளியைத் தண்ணீர் மிக விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். கல்லிலும் அதைச் சுற்றிலும் உள்ள நீர் நொடியில் கொதிக்க, கல் பொடிகிறது. சதைக்குள் ஒளி ஆழமாகப் போவதில்லை.

கொல்கத்தாவிலுள்ள மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய இழைகளைச் செய்கிறார்கள். தூய சிலிக்காக் குழாயின் உட்புறம் நுண்துளைப் படிவம் ஏற்றி, அதைத் துலியம் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பிறகு சூடேற்றக் குழாய் சுருங்கிக் கோலாகும். அதைச் சுமார் 2,000 டிகிரி வெப்பத்தில் இளக்கி இழுத்தால் இழை. மைசூர்பாகுக்கு அம்மா விரலிடையே கம்பிப் பதம் பார்ப்பதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆனால் அலைநீளம் 2,500 நானோமீட்டரை நெருங்கினால் சிலிக்காவே ஒளியை விழுங்கிவிடும். அதற்கு அப்பால் புளூரைடு கண்ணாடி தேவை. 1974-இல் பிரான்சில் பூலேன் சகோதரர்கள் குழுவினர் தற்செயலாகக் கண்டது அது. கனமான சிர்கோனியம் அணுக்கள் மெதுவாக அதிர்வதால் நீண்ட அலைகளையும் அது விடும். ஆனால் எளிதில் ஒடியும். பாகு ஆறும்போது சர்க்கரை மணல் மணலாய் உறைவதுபோல் உள்ளே படிகம் கட்டும். அதைத் தவிர்க்க, எடையற்ற விண்வெளி நிலையத்திலும் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பெரியப்பா மறுநாளே வீடு திரும்பினார். வாழைத்தண்டுதான் கல்லை இளக்கி வைத்தது என்று பாட்டி இன்றும் சாதிக்கிறார்கள்.